செலவழித்த டாலர், செலவழிக்காத டாலர்: அமெரிக்காவில் சொந்த டிரக் ஓட்டுபவரின் வரிக் கழிவுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்க நெடுஞ்சாலையோர டிரக் ஸ்டாப்புகளில் ஒரு யோசனை சுற்றத் தொடங்கிவிடும். "இந்த வருஷம் வரி அதிகமா வரும்போல இருக்கு, பேசாம ஒரு டிரெய்லரை வாங்கிப் போட்டுடு." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 40 ஆயிரம் டாலர் கொடுத்து டிரெய்லர் வாங்கினால், நடுத்தர வருமானமுள்ள ஓட்டுநருக்கு வரி 9 ஆயிரம் டாலர் அளவுக்குக் குறையலாம். மீதி 31 ஆயிரம் அவர் பையிலிருந்து போனதுதான். டிரெய்லர் உண்மையிலேயே தேவை என்றால் சரி. வரிக்காக மட்டும் வாங்கினால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

வரிக் கழிவு என்ற சொல் காதில் விழும்போது கடைத் தள்ளுபடி மாதிரி ஒலிக்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கழிவு என்பது வரி போடுவதற்கு முன் வருமானத்திலிருந்து எடுத்துவிடும் தொகை, அவ்வளவுதான். 12 சதவீத வருமான வரி அடுக்கில் இருக்கும் சொந்த டிரக் ஓட்டுநருக்கு ஒரு டாலர் கழிவு கிடைத்தால், எல்லா வரிகளையும் சேர்த்து 23 சென்ட் அளவுக்கு மிச்சமாகும். ஆகவே "என்னென்ன கழிக்கலாம்" என்று நீளமாகப் பட்டியல் போடுவதைவிட, ஒவ்வொரு கழிவுக்கும் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று பார்ப்பது உருப்படியான வேலை. டீசல், டயர், காப்பீடு போன்றவை பணத்தைக் கொடுத்தால்தான் கழியும். உணவுக்கான தினப்படி செலவழிக்காமலேகூடக் கழியும். தேய்மானம், அதாவது வாங்கிய வண்டியின் விலையை வருடங்களாகப் பிரித்துக் கழிப்பது, வேறு மாதிரி: அதை முன்னிழுத்தால், நாளைக்குக் கிடைக்க வேண்டிய கழிவை இன்றைக்கே கடனாக எடுத்துக்கொள்வது. இந்த மூன்றும் ஒரே படிவத்தில் அடுத்தடுத்த வரிகளில் வருவதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

இது யாருடைய கணக்கு

சொந்தமாகவோ குத்தகைக்கோ ஒரு டிரக்கை வைத்துக்கொண்டு, ஒரு சரக்கு நிறுவனத்தின் கீழோ தன் சொந்த உரிமத்திலோ லோடு ஏற்றி ஓடுபவரை அங்கே ஓனர் ஆப்பரேட்டர் என்கிறார்கள். வருடக் கடைசியில் அவருக்குச் சம்பளச் சீட்டு வராது. 1099-என்இசி என்ற படிவம் வரும். வரவு, செலவு எல்லாவற்றையும் ஷெட்யூல் சி என்ற இணைப்பில் அவரே எழுதி, மிஞ்சும் லாபத்துக்கு வரி கட்ட வேண்டும்.

அதே சாலையில், அதே மாதிரி படுக்கை வைத்த கேபினில் தூங்கி எழுந்து ஓட்டும் கம்பெனி டிரைவரின் நிலைமை வேறு. அவருக்கு வருவது டபிள்யூ-2 சம்பளச் சீட்டு. 2017-இல் வந்த வரிச் சட்டம், ஊழியர் தன் கைக்காசில் செய்யும் வேலைச் செலவுகளுக்கு இருந்த கழிவை 2018 முதல் நிறுத்திவைத்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை நிரந்தரமாகவே மூடிவிட்டது. நிறுவனமே தினப்படி கொடுத்தால்தான் அவருக்கு உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் கம்பெனி டிரைவர்கள் பழைய பட்டியல்களைப் பார்த்துப் பூட்ஸ் ரசீதையும் சாப்பாட்டு ரசீதையும் சேர்த்துவைப்பதை இன்றும் பார்க்கலாம். பரிதாபம்தான், ஆனால் மத்திய அரசின் வரிக் கணக்கில் அந்த ரசீதுகளுக்கு இடமில்லை.

சொந்தத் தொழில்காரருக்கு இருக்கும் சுமை சுயதொழில் வரி. சமூகப் பாதுகாப்பு என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு 12.4 சதவீதம், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 2.9 சதவீதம், ஆக மொத்தம் 15.3. ஊழியராக இருந்தால் இதில் பாதியை முதலாளி கட்டுவார். இங்கே முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே என்பதால் இரண்டு பாதியும் அவர் தலையில். நிகர லாபத்தின் 92.35 சதவீதத்துக்கு இது கணக்கிடப்படும். லாபம் 400 டாலரை எட்டினாலே இந்த வரி தொடங்கிவிடும். வருமான வரியே வராத ஆளுக்கும் இது வந்து நிற்கும். முதல் வருடம் சொந்த டிரக் ஓட்டியவர்கள் ஏப்ரலில் திகைத்துப் போவது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். ஊழியருக்குப் பிடிப்பதுபோல இவருக்கு யாரும் வாரா வாரம் வரி பிடிப்பதில்லை. ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 என்று நான்கு தவணைகளில் அவரே கணித்துக் கட்டிவர வேண்டும், இல்லாவிட்டால் அபராத வட்டி.

இதனால் கழிவுகளுக்குள்ளும் ஒரு தரவரிசை உண்டாகிறது. ஷெட்யூல் சி-க்குள் கழியும் செலவு, வருமான வரியையும் சுயதொழில் வரியையும் சேர்த்தே குறைக்கும். ஓட்டுநரின் சொந்த மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியமும் ஓய்வூதியச் சேமிப்பும் அந்தப் படிவத்துக்கு வெளியே கழிபவை. அவை வருமான வரியை மட்டுமே குறைக்கும். தொழிலுக்குரிய ஒரு செலவைத் தவறான இடத்தில் எழுதினால் ஒவ்வொரு டாலரிலும் 14 சென்ட் அளவுக்கு நஷ்டம்.

பணத்தைக் கொடுத்தால் கழிபவை

இந்தப் பகுதியில் மர்மம் அதிகமில்லை. டீசல், டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் டெஃப் திரவம், எண்ணெய் மாற்றம், டயர், பழுதுபார்ப்பு, சுங்கம், பார்க்கிங், எடைமேடைக் கட்டணம், சரக்கு இறக்குவோருக்குக் கொடுத்த லம்பர் கூலி, காப்பீடு, பல மாநிலங்களில் ஓடுவதற்கான ஐஆர்பி நம்பர் பிளேட், மாநிலம் விட்டு மாநிலம் ஓடுவோருக்கான யுசிஆர் பதிவு, லோடு தேடித் தரும் தளங்களின் சந்தா, டிஸ்பேட்ச் கமிஷன், பில்லை முன்கூட்டியே காசாக்கித் தரும் ஃபேக்டரிங் நிறுவனத்தின் கட்டணம், ஓட்டிய நேரத்தைப் பதியும் எலக்ட்ரானிக் லாக் கருவியின் மாதக் கட்டணம் என எல்லாம் கழியும். ஓட்டுநருக்குக் கட்டாயமான மருத்துவப் பரிசோதனையும் போதைப்பொருள் சோதனையும் சேர்த்தி. கேபினில் வைக்கும் சிறிய ஃபிரிட்ஜ், மெத்தை விரிப்பு, சிபி ரேடியோ, கையுறை, இரும்பு முனை பூட்ஸ் எல்லாம் சரி. செல்போன் பில்லில் தொழிலுக்கு ஆன பங்கு மட்டும். சாதாரண ஜீன்ஸும் டி-ஷர்ட்டும், வண்டி ஓட்டும்போது மட்டுமே போட்டாலும், கழியாது. வெளியில் போட்டுக்கொண்டு நடக்கக்கூடிய உடை சொந்த உடைதான்.

55,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள கனரக வாகனங்களுக்கு 2290 என்ற படிவத்தில் ஒரு சாலைப் பயன்பாட்டு வரி உண்டு. 75,000 பவுண்டைத் தாண்டினால் ஆண்டுக்கு 550 டாலர். ஜூலை தொடங்கி ஜூன் வரையிலான ஆண்டுக்கு ஆகஸ்ட் முடிவதற்குள் கட்டுவது. அதுவும் தொழில் செலவு.

இந்தப் பகுதியில் தகராறு வருவது வாராந்தர செட்டில்மென்ட் தாளில். நிறுவனம் லோடுக்கான மொத்தத் தொகையை மேலே போட்டு, கீழே எரிபொருள் அட்வான்ஸ், காப்பீடு, டிரெய்லர் வாடகை, எஸ்க்ரோ என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டு மீதியை வங்கியில் போடும். வருடக் கடைசியில் 1099-இல் வருவது அந்த மேல் தொகையா, கீழ்த் தொகையா? நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மேல் தொகை வந்திருக்கும்போது வங்கியில் விழுந்ததை மட்டும் வருமானமாகக் காட்டினால் வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் கணினியில் கணக்கு இடிக்கும். கீழ்த் தொகை வந்திருக்கும்போது பிடித்தங்களை மறுபடியும் செலவாகக் காட்டினால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகிவிடும். 52 வாரத் தாள்களையும் கூட்டி 1099-உடன் ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் போகும். போகட்டும்.

எஸ்க்ரோ என்பது தனிச் சிக்கல். பராமரிப்புக்கென்று வாரம் இத்தனை என நிறுவனம் பிடித்து வைக்கும் பணம் அது. பிடித்தார்களே, செலவுதானே என்று பலரும் அந்த வாரமே கழித்துவிடுகிறார்கள். அது இன்னும் ஓட்டுநரின் பணம்தான், வேறொருவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். அதிலிருந்து டயர் வாங்கிய அன்று டயர்தான் செலவு. வாங்காமல் திரும்பி வந்தால் செலவே கிடையாது.

டிரக் கடன் தவணையிலும் இதே மயக்கம் உண்டு. மாதம் 2,500 டாலர் கட்டுகிறோம் என்றால் அத்தனையும் கழியாது. வட்டிப் பங்கு மட்டும் கழியும். அசல் என்பது டிரக்கின் விலை, அது தேய்மானம் வழியாக வரும். குத்தகையாக இருந்தால் முழு வாடகையும் கழியலாம். ஆனால் "லீஸ் பர்ச்சேஸ்" என்ற பெயரில் கடைசியில் பேருக்கு ஒரு தொகை கொடுத்தால் வண்டி உங்களுக்கே என்று ஒப்பந்தம் சொன்னால், பெயர் குத்தகையாக இருந்தாலும் வரிச் சட்டம் அதை வாங்கியதாகவே எடுத்துக்கொள்ளும்.

சரி, மைலுக்கு இத்தனை சென்ட் என்று ஒரு நிலையான வீதம் இருக்கிறதே, ரசீதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2025-இல் அது மைலுக்கு 70 சென்ட். வருடம் ஒரு லட்சம் மைல் ஓடும் ஆளுக்கு 70 ஆயிரம் டாலர்! அந்த வீதம் கார், வேன், பிக்கப் போன்ற சிறிய வாகனங்களுக்கு மட்டும். டிரெய்லர் இழுக்கும் செமி டிரக்குக்கு உண்மையான செலவுதான் கணக்கு. பொதுவான வரிக் குறிப்புகளைப் படித்துவிட்டு இதில் விழுபவர்கள் நிறைய.

செலவழிக்காமலே கழிவது

தினப்படிதான் இந்தத் தொழிலின் வரிக் கணக்கில் உண்மையான சலுகை. பேட்டா என்று சொல்லிப் பழகியவர்களுக்கு உடனே புரியும், ஒரு வித்தியாசத்தோடு: இங்கே யாரும் கையில் பணம் கொடுப்பதில்லை. வீட்டை விட்டு வெளியில் தங்கி ஓட்டிய ஒவ்வொரு நாளுக்கும் உணவுக்கும் சில்லறைச் செலவுக்கும் இவ்வளவு ஆகியிருக்கும் என்று வரித்துறை ஒரு தொகையை ஏற்றுக்கொள்கிறது. போக்குவரத்துத் தொழிலுக்கான சிறப்பு வீதம் 2024 அக்டோபர் முதல் நாளொன்றுக்கு 80 டாலர். கனடா போன்ற வெளியிடங்களுக்கு 86. அதற்கு முன் 69-உம் 74-உமாக இருந்தது. கிளம்பும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் முக்கால் பங்கு எடுத்துக்கொள்வது வழக்கம்.

இந்தத் தொகையில் 80 சதவீதம்தான் கழியும். மற்ற தொழில்களில் பயண உணவுக்குப் பாதிதான். வண்டி ஓட்டும் நேரத்துக்கு அரசின் உச்சவரம்பு உள்ள தொழிலாளர்கள், அதாவது 11 மணி நேரம் ஓட்டினால் 10 மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டியவர்கள், வேறு வழியில்லாமல் வழியில்தான் சாப்பிடுகிறார்கள் என்ற நியாயத்தை 1997-இல் வந்த சட்டம் ஏற்றுக்கொண்டது. 1998-இல் 55 சதவீதத்தில் ஆரம்பித்து, இரண்டு வருடத்துக்கு ஐந்து சதவீதமாக நகர்ந்து, 2008-இல் 80-ஐ எட்டியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருமணமாகாத ஓட்டுநர், மற்ற எல்லாச் செலவும் போக லாபம் 80 ஆயிரம் டாலர், வருடத்தில் முழுதாக 240 நாள் வெளியில். 240-ஐ 80-ஆல் பெருக்கினால் 19,200. அதில் 80 சதவீதம் 15,360. இதைக் கழித்தால் சுயதொழில் வரியில் மட்டும் சுமார் 2,170 டாலர் குறையும். 12 சதவீத அடுக்கில் வருமான வரியும் சேர்ந்தால் மொத்தம் 3,500 டாலரை ஒட்டி வரும். கேபினிலேயே சமைத்து நாளுக்கு 15 டாலரில் சாப்பாட்டை முடித்துக்கொண்டாலும் கழிவு 80 டாலர் அடிப்படையில்தான். சாப்பாட்டு ரசீது கேட்கப்படுவதில்லை. எந்த நாள், எந்த ஊர், எந்த லோடு என்பதை மட்டும் காட்ட வேண்டும். மோட்டலில் தங்கினால் அந்த வாடகைக்கு இந்த வசதி கிடையாது, ரசீது இருந்தால்தான் உண்டு. இன்னொன்று, இந்தச் சிறப்பு வீதத்தை ஒரு பயணத்துக்கு எடுத்துக்கொண்டால் அந்த வருடத்தின் எல்லாப் பயணங்களுக்கும் அதையே பின்பற்ற வேண்டும்.

இவ்வளவு தாராளமாகக் கொடுக்கும் சட்டம், வாசலில் இரண்டு கேள்விகளை நிறுத்தி வைத்திருக்கிறது.

முதல் கேள்வி: தூங்கினீர்களா? காலையில் கிளம்பி இரவு வீட்டுக்குத் திரும்பும் உள்ளூர் ஓட்டுநருக்குத் தினப்படி இல்லை, ஒரே நாளில் 500 மைல் போய் வந்திருந்தாலும். இதன் வேர் 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கோரல் வழக்கு. மளிகை மொத்த வியாபாரம் ஒன்றின் பயண விற்பனையாளர் அவர், டென்னசிக்காரர். விடியுமுன் கிளம்பி, காலை உணவும் மதிய உணவும் வழியில் சாப்பிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுவார். அந்தச் சாப்பாட்டுச் செலவைக் கழித்துக் காட்டினார். தூக்கமோ போதிய ஓய்வோ தேவைப்படும் பயணமாக இருந்தால்தான் "வீட்டை விட்டு வெளியே" என்று கணக்காகும் என்றது வரித்துறை. நீதிமன்றம் அதை ஏற்றது. தொலைவு பெரிதா என்பதில்லை, நடுவே படுத்தாக வேண்டியிருந்ததா என்பதே அளவுகோல்.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது: உங்களுக்கு வீடு இருக்கிறதா? வாடகை மிச்சம் என்று அறையைக் காலி செய்துவிட்டு, டிரக்கிலேயே வாழும் ஓட்டுநர்கள் ஏராளம். இளைஞர்களுக்கு அது புத்திசாலித்தனமாகவும் தெரியும். ஆனால் வீட்டை விட்டு வெளியே இருப்பதற்குத்தான் தினப்படி. வீடே இல்லாதவர் எதை விட்டு வெளியே இருக்கிறார்? நிலையான தொழிலிடமும் இல்லாமல், நிலையாக வசிக்கும் இடமும் இல்லாமல் இருப்பவருக்கு அவர் போகும் இடமே வீடு என்கிறது வரித்துறை. அப்படியானால் அவர் எப்போதும் வீட்டில்தான் இருக்கிறார், பயணக் கழிவு பூஜ்யம்.

இதைத் தீர்மானிக்க மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். சொந்த வீடிருக்கும் பகுதியில் கொஞ்சமாவது தொழில் நடந்து, அப்போது அந்த வீட்டில் தங்குகிறீர்களா? தொழிலுக்காக வெளியில் போவதால் இங்கும் அங்கும் என்று வாழ்க்கைச் செலவு இரட்டிப்பாகிறதா? அந்த ஊரைக் கைவிடாமல் இருக்கிறீர்களா, அல்லது குடும்பத்தார் அங்கே இருக்கிறார்களா, நீங்களே அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்து தங்குகிறீர்களா? மூன்றும் ஆம் என்றால் பிரச்சினை இல்லை. இரண்டு என்றால் நிலைமையைப் பொறுத்தது. ஒன்றுதான் என்றால் நாடோடிக் கணக்கு. அக்கா வீட்டு முகவரியில் கடிதங்கள் வருகின்றன, லைசென்ஸில் அந்த முகவரிதான் இருக்கிறது என்பது இங்கே அதிகம் உதவாது. அந்த வீட்டுக்கு வாடகையில் நியாயமான பங்கு கொடுத்திருந்தால், அதுவும் வங்கி வழியாகக் கொடுத்திருந்தால், பேச்சு வேறு. வாடகையை மிச்சப்படுத்துவதா, தினப்படியைக் காப்பாற்றுவதா என்று கேட்டால், 3,500 டாலருக்காக வருடம் 12 ஆயிரம் வாடகை கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டையும் விட்டுவிட்டுத் தினப்படியையும் எழுதிக்கொண்டிருப்பது, தணிக்கையில் வட்டி அபராதத்தோடு திரும்பி வரும்.

செலவில்லாமல் வரும் இன்னொரு கழிவு, தகுதியான தொழில் வருமானத்தில் 20 சதவீதம் வரை கிடைப்பது. 2018-இல் தொடங்கியது, 2025 சட்டத்தால் நிரந்தரமானது. வருமான வரியை மட்டும் குறைக்கும். பெரும்பாலும் மென்பொருளே கணக்கிட்டுவிடும் என்பதால் இங்கே நின்று பேச ஒன்றுமில்லை.

நாளையிடம் வாங்கும் கடன்

டிரெய்லரை இழுக்கும் முன்பகுதியை, அதாவது டிராக்டரை, வரிச் சட்டம் மூன்று வருடச் சொத்தாகவும் டிரெய்லரை ஐந்து வருடச் சொத்தாகவும் வகைப்படுத்துகிறது. சாதாரண முறையில் டிராக்டரின் விலையில் முதல் வருடம் 33.33 சதவீதம், இரண்டாம் வருடம் 44.45, பிறகு 14.81, கடைசியில் 7.41 என்று நான்கு வரிக் கணக்குகளில் கழியும். அரை வருடத்தில் ஆரம்பித்து அரை வருடத்தில் முடிவதாக வைத்துக்கொள்வதால் மூன்று வருடம் நான்காக நீள்கிறது.

இதைச் சுருக்கி ஒரே வருடத்தில் எடுக்க இரண்டு குறுக்கு வழிகள் உண்டு. ஒன்று வரிச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு. அந்த வருட வருமானத்துக்கு மேல் இதில் எடுக்க முடியாது. மற்றது போனஸ் தேய்மானம். இதில் நஷ்டமே காட்டலாம். போனஸ் வீதம் சில வருடங்களாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 2022 வரை 100, 2023-இல் 80, 2024-இல் 60 என்று தேய்ந்து வந்ததை, 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கிய சொத்துகளுக்கு மறுபடி 100 சதவீதமாக்கியது 2025 சட்டம். பயன்படுத்திய டிரக்குக்கும் பொருந்தும். டிசம்பர் யோசனைக்குப் புத்துயிர் வந்தது இதனால்தான்.

ஆனால் 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர் டிரக்கை ஐந்து வருடக் கடனில் வாங்கி, முழுவதையும் முதல் வருடமே கழித்தவரின் இரண்டாம் வருடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். தவணை மாதா மாதம் போகிறது. அசல் பங்குக்குக் கழிவு இல்லை, தேய்மானமும் தீர்ந்துவிட்டது. கையில் காசில்லை, காகிதத்தில் மட்டும் லாபம் கொழிக்கிறது, அதற்கு வரி கட்ட வேண்டும். தொழில் தெரிந்தவர்கள்கூட இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாம் வருடம் சரக்கு வாடகை விழுந்தால் டிரக்கை விற்கத் தோன்றும். 50 ஆயிரத்துக்கு விற்றால், கணக்கில் டிரக்கின் மதிப்பு பூஜ்யம் என்பதால், அந்த 50 ஆயிரமும் சாதாரண வருமானமாக வந்து உட்காரும். சுயதொழில் வரி மட்டும் அதற்கு இல்லை. பழையதைக் கொடுத்துப் புதியதை மாற்றிக்கொண்டால் தப்பிக்கலாம் என்பது 2017 வரை சரி. 2018 முதல் அந்த மாற்றுச் சலுகை நிலம், கட்டடங்களுக்கு மட்டும். டீலரிடம் பழைய டிரக்கைக் கொடுத்து மாற்றுவதும் விற்பனைதான்.

இன்னொரு விஷயத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. லாபத்தைப் பூஜ்யமாக்கினால் அந்த வருடத்துக்குச் சமூகப் பாதுகாப்பில் வருமானமே பதிவாகாது. பிற்காலத்தில் வரும் ஓய்வூதியமும், உடல் முடியாமல் போனால் வரும் உதவித்தொகையும் அந்தப் பதிவுகளை வைத்துத்தான். வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கியும் அதே வரிக் கணக்கைத்தான் கேட்கும். நல்ல லாபம் வந்த வருடத்தில் அதிக வரி அடுக்கை எட்டுபவர் தேய்மானத்தை முன்னிழுப்பதில் அர்த்தம் உண்டு. 12 சதவீத அடுக்கில் இருப்பவர், போனஸ் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு நான்கு வருடமாகப் பிரித்து எடுப்பதே பெரும்பாலும் நல்லது என்பேன்.

கழியாதவை

லோடு கிடைக்காமல் மூன்று நாள் நின்றேன், வெறும் வண்டியாக 300 மைல் ஓடினேன், இதற்கு ஏதாவது கழிக்க முடியுமா என்ற கேள்வி எல்லா ஓட்டுநர்களிடமும் உண்டு. வராத வருமானத்தைக் கழிக்க முடியாது; அது வருமானத்தில் சேர்க்கப்படவே இல்லையே. வெறும் ஓட்டத்தில் எரிந்த டீசல் ஏற்கெனவே செலவில் இருக்கிறது. நின்ற நாட்கள் வீட்டை விட்டு வெளியில் என்றால் தினப்படி உண்டு. தானே படுத்துப் பழுதுபார்த்தால் உதிரிபாகம் கழியும், சொந்த உழைப்புக்குக் கூலி கழியாது.

அபராதங்களும் கழியாது. வேகத்துக்கு, அதிக எடைக்கு, லாக் மீறலுக்கு, எதற்கானாலும். இதற்கு முன்னோடியே ஒரு டிரக் வழக்குதான். 1950-களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் டிரக் எடை வரம்பு 45,000 பவுண்ட். சுற்றியுள்ள மாநிலங்களில் 60,000-ஐ ஒட்டி. வரம்பை மதித்தால் தொழில் நடக்காது என்று டேங்க் டிரக் ரென்டல்ஸ் என்ற நிறுவனம் தெரிந்தே மீறி ஓட்டியது. 1951-இல் மட்டும் வேண்டுமென்றே மீறியதற்கு 718 அபராதங்கள், தெரியாமல் மீறியதற்கு 28. மொத்தம் 41 ஆயிரம் டாலருக்கு மேல். தொழிலுக்கு அவசியமான செலவு என்று அதைக் கழிக்கப் பார்த்தது. 1958-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது: அபராதத்தைக் கழிக்க விட்டால் மாநிலம் கொடுத்த தண்டனையின் ஒரு பகுதியை மத்திய அரசே ஏற்றுக்கொண்டதாகும். தெரியாமல் மீறிய 28-க்கும் அதே பதில்தான்.

காகிதம்

1930-இல் ஜார்ஜ் எம். கோஹன் என்ற பிராட்வே நாடகக்காரர், ரசீதே இல்லாமல் பயண, விருந்துச் செலவுகளைக் கழித்துக் காட்டி, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பாதி ஜெயித்தார். செலவானது உண்மை என்று தெரிந்தால், உத்தேசமாகவாவது ஒரு தொகையை அனுமதிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. 1962-இல் நாடாளுமன்றம் பயணச் செலவுகளுக்கு இந்த வழியை அடைத்துவிட்டது. தேதி, இடம், காரணம் எழுத்தில் இல்லாவிட்டால், சாலையில் 300 நாள் இருந்தது ஊருக்கே தெரிந்திருந்தாலும் தினப்படி கிடைக்காது.

ரசீதுகளைப் படம் எடுத்து வைப்பது நல்லது, டிரக் ஸ்டாப் தாள்கள் வெயிலில் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். ஆனால் ரசீதைவிடப் பெரிய சாட்சி ஓட்டுநரின் லாக். எந்த இரவு எந்த மாநிலத்தில் நின்றது என்று அதில்தான் இருக்கிறது. வரித்துறை பொதுவாக மூன்று வருடம் பின்னோக்கிப் பார்க்கலாம். சரக்கு நிறுவனம் அந்த லாக்கை வைத்திருக்க வேண்டிய கட்டாயக் காலமோ ஆறு மாதம்தான். பிப்ரவரியில் ஓடிய ஓட்டத்தின் பதிவு ஆகஸ்டிலேயே அழிந்துபோகலாம். அந்த வருடத்தின் கணக்கைத் தாக்கல் செய்வதே அடுத்த ஏப்ரலில்தான். மாதம் ஒருமுறை அதைத் தன் ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.